மலத்தில் கிருமி இருந்தால் போதுமா? ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மண்டபம்:
எல்லாருக்கும் வணக்கம். கடலோரக் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வயிற்றுப்போக்குக்கு எந்த ஊரில் எது காரணம் என்று கண்டுபிடிக்கும் அத்தியாயத்தில் 'அட்ரிபியூட்டபிள் ஃப்ராக்‌ஷன்' என்பது, அதாவது மொத்த நோயில் ஒரு கிருமியால் வந்தது எவ்வளவு என்கிற கணக்கு, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'பாப்புலேஷன்ஸ்' வருகிற இடத்தில் இப்போதைக்கு 'வெவ்வேறு மக்கள்தொகைகளில்' என்று போட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். 2007 முதல் 2011 வரை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக 7 நாடுகளில், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எந்தக் கிருமி காரணம் என்று தேடிய ஜெம்ஸ் ஆய்வு நடந்தது, இந்தியாவில் கொல்கத்தா. மிதமானது முதல் கடுமையானது வரை வயிற்றுப்போக்கு கண்ட 9,439 குழந்தைகளோடு, அதே பகுதிகளில் நோயில்லாத 13,129 குழந்தைகளின் மலத்தையும் சோதித்தார்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளிடமும் கிருமிகள் நிறையவே இருந்தன. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி சில இடங்களில் நோயில்லாதவர்களிடம்தான் கூடுதல்!

நோயுள்ள 100 பேரில் 40 பேரிடமும், நோயில்லாத 100 பேரில் 38 பேரிடமும் ஒரு கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் போடக்கூடிய நோய் நாலைந்துகூடத் தேறாது. இன்னொன்று 20 பேரிடமும் 2 பேரிடமும் இருந்தால், ஏறத்தாழ 18 வரை அதன் கணக்கில் சேரும். இந்த 18ஐத் தமிழில் என்ன சொல்வது?

பாம்பன்:
'காரணப் பங்கு'. முடிந்தது. செவிலியருக்கும் புரியும், அவர் வீட்டுக்காரருக்கும் புரியும்.

தொண்டி:
தம்பி, 'காரணம்' வடசொல். வள்ளுவர் 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று சொல்லிவைத்திருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? முதல் என்றால் வேர், மூலம், கருத்தா. வினைமுதல் என்கிறோமே, அந்த முதல். 'நோய்முதற்பங்கு' என்று வையுங்கள்.

கீழக்கரை:
ஐயா, ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன். 'நோய்முதல்' என்று எழுதினால் 'நோய்முதல் எதுவரை?' என்று கேட்பார்கள். 'முதற்பங்கு' என்றால் முதலில் பிரித்துக் கொடுக்கிற பங்கு. கடற்கரையில் முதல் போட்டவர் முதலாளி. எல்லாம் குழம்பிப் போகும்.

தொண்டி:
அப்படியானால் 'ஏதுப் பங்கு'. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்கிற ஏதுப் பொருள், அதாவது காரணம்.

பாம்பன்:
ஐயா, கோபிக்கக் கூடாது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஏது பங்கு?' என்று படகுக்காரர் கையை விரிக்கிற மாதிரி இருக்கிறது.

யாழ்ப்பாணம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வயிற்றோட்டம் என்றுதான் எழுதுவோம். 'போக்கு' என்பது எங்களுக்குக் கொஞ்சம் அந்நியம். அத்தோடு, 'வெவ்வேறு மக்கள்தொகைகளில்' என்று நீங்கள் போட்டிருப்பது தலை எண்ணிக்கை போலல்லவா தொனிக்கிறது? குடித்தொகை நல்ல சொல்.

கீழக்கரை:
இங்கே அம்மாமார் சொல்வது 'பிள்ளைக்கு வயித்தால போகுது'. பேதி என்றால் நோயும் அதுதான், வயிற்றைக் கழுவக் கொடுக்கிற மருந்தும் அதுதான். அதனால் வயிற்றுப்போக்கு இருக்கட்டும். குடித்தொகை என்று எழுதினால் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று போய்விடும், அது வேறு துறை.

தொண்டி:
சிரிக்கலாம். ஆனால் மூன்றாம் வேற்றுமையை யாரும் யோசிக்கவில்லையே! கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி மூன்றும் அதன் பொருள்தானே. 'கிருமியால் போயிற்று' என்றால் கருத்தா. 'கிருமியொடு போயிற்று' என்றால் உடனிகழ்ச்சி. அது சும்மா கூட இருந்தது, அவ்வளவுதான். நோயில்லாத பிள்ளையிடம் இருக்கிற ஜியார்டியா 'ஒடு'. உங்கள் 18 'ஆல்'. இத்தனை நாடு சுற்றிச் சோதித்துப் பிரித்ததை நம் உருபு இரண்டும் பிரித்து வைத்திருக்கின்றன.

மண்டபம்:
ஐயா, இது அருமை! பெட்டிச் செய்தியாகவே போடுகிறேன். ஆனால் அட்டவணைத் தலைப்பில் 'ஆல்' என்று மட்டும் போட முடியாதே.

கீழக்கரை:
எனக்குப் 'பங்கு' மீதே சந்தேகம். கரையில் பங்கு பிரித்தால் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று போக, கூட்டினால் பிடித்த மீனின் காசு சரியாக வரும். இந்தக் கணக்கு அப்படி இல்லை. ஒரே குழந்தையிடம் ரோட்டாவைரசும் ஷிகெல்லாவும் சேர்ந்து இருக்கலாம். தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் 100ஐத் தாண்டலாம். சோதனை மாறினாலும் எண் மாறும். அதே ஜெம்ஸ் மாதிரிகளைக் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் மறுபடி பார்த்து 2016இல் வெளியிட்டபோது ஷிகெல்லாவின் எண் நன்றாகவே கூடியிருந்தது. பங்கு என்று எழுதினால் பிரித்து முடித்துவிட்ட மாதிரி தோன்றும். 'காரண அளவு' என்றால் என்ன?

பாம்பன்:
அளவு என்றால் மில்லியா, லிட்டரா என்பார்கள். பங்கே இருக்கட்டும் அக்கா. கூட்டக் கூடாது என்று கீழே ஒரு வரி போட்டுவிடலாம்.

கீழக்கரை:
கீழே போடுகிற வரியை யார் படிக்கிறார்கள்? அப்புறம் இன்னொன்று. கொல்கத்தாவின் வரிசையை அப்படியே நம் ஊருக்கு ஒட்டிவிடாதீர்கள். கைக்குழந்தைகளிடம் ரோட்டா எல்லா இடத்திலும் முன்னால் நின்றது, சரி. ஆனால் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும்தான் கணக்கில் வந்தது. இங்கே மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிற தெருவும் இருக்கிறது, காவிரிக் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிற தெருவும் இருக்கிறது. இந்த இரண்டு தெருவுக்கும் ஒரே எண் என்று நான் நம்பமாட்டேன்.

மண்டபம்:
சேர்த்துவிடுகிறேன். அச்சகத்தார் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கடைசியாக: உள்ளே 'காரணப் பங்கு', அத்தியாயத் தலைப்பு 'நோய்முதல் நாடல்', அட்டவணைக்கு அடியில் இல்லாமல் மேலேயே 'கூட்டக் கூடாது'. மக்கள்தொகைக்குப் பதிலாக 'ஊர் மக்கள்' என்று எளிதாக்கிவிட்டேன்.

யாழ்ப்பாணம்:
ஊர் மக்கள் என்றால் நகரத்தார் கோபிக்க மாட்டார்களா?

தொண்டி:
தலைப்பில் வைத்ததற்கு நன்றி. உள்ளே வைக்காததற்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வரட்டும், பார்த்துக்கொள்வோம்.