வேகக் கேமராவில் சலான் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

போன மாதம் பெருந்துறையிலிருந்து கோவைக்குப் போனேன், ஆஸ்பத்திரியில் இருந்த அப்புச்சியைப் பார்க்க. நாலாம் நாள் போனில் சலான். வேகம் 94, அனுமதி 80, அபராதம் ஆயிரம் ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு பஸ் என்னை ஒட்டி ஏறிப் போனது நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ் வேகத்தை என் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்றே நம்பினேன்.

பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் இந்தக் கேமராக்களை மாட்டும் வேலையில் இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போய், சர்வீஸ் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ரோட்டுக்குக் குறுக்கே போட்ட கம்பத்தில் லேனுக்கு ஒரு கேமரா. பக்கத்திலேயே லென்ஸ் இல்லாத ஒரு சப்பைப் பெட்டி. "வேகத்தை அளக்கறது கேமரா இல்லீங்க சித்தப்பா, அந்தப் பெட்டிதான்" என்றான்.

அது ரேடார். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை விட்டுக்கொண்டே இருக்கிறது. வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடிவிடும். ரயில் ஹாரன் கிட்டே வரும்போது உச்சமாகவும், தாண்டியதும் தணிந்தும் கேட்கிறதே, அதே சங்கதி. 1842இல் டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி சொன்னது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாறும். அப்படியென்றால் 80க்கும் 94க்கும் நடுவே 600 ஹெர்ட்ஸுக்கு மேல் வித்தியாசம். இப்போது வரும் ரேடார் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பின்தொடர்கிறது. பஸ்ஸுக்குத் தனிக் கணக்கு, எனக்குத் தனிக் கணக்கு.

வீட்டுக்கு வந்து சலான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் என் நம்பர் பிளேட்டைச் சுற்றித்தான் இருந்தது. பஸ் அடுத்த லேனில், பாதி உடம்பு படத்துக்கு வெளியே.

காங்கேயத்திலிருந்து ஒருவர்:

எனக்கு நடந்தது தாராபுரம் ரோட்டில், கையில் பிடிக்கும் லேசர் கன். நான் கேட்டதும் அந்த எஸ்.ஐ. அம்மா கோபப்படாமல் திரையையே காட்டினாங்க. வேகம் 71, பக்கத்தில் தூரம் 312 மீட்டர். அவ்வளவு தூரத்தில் என் பைக்கா என்று நம்ப முடியவில்லை. லேசர் கன், ரேடார் மாதிரி அதிர்வெண் மாற்றத்தைப் பார்ப்பதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக விட்டு, போய்த் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தை அளக்கிறது. நொடியில் பாதிகூட ஆகாது, அதற்குள் நூறு தடவைக்கு மேல் அளந்து, தூரம் எவ்வளவு சுருங்கியது என்று பார்த்து வேகம் சொல்கிறது. ரேடார் அலை போகப் போக அகன்று விரியும். லேசர் அந்தத் தூரத்திலும் ஒரு மீட்டர் அகலம்தான். அதனால்தான் கூட்டத்திலும் ஒரே வண்டியைக் குறி வைக்க முடிகிறது.

சங்ககிரியிலிருந்து, லாரி ஓட்டுகிறவர்:

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் கேமராவைப் பார்த்து பிரேக் பிடித்துப் பிரயோஜனம் இல்லைங்க. ஒரு கம்பத்தில் நம்பரைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். தள்ளி இருக்கிற இன்னொரு கம்பத்தில் மறுபடி படிக்கும். நடுவில் 20 கிலோமீட்டர் என்றால் 80இல் போக 15 நிமிஷம் ஆகணும். 13 நிமிஷத்தில் வந்தால் சராசரி 92. என் கிளீனர் பையனுக்கு இதைப் புரிய வைக்க ஒரு டீ நேரம் ஆச்சு.

பெருந்துறை, மறுபடியும் நான்:

டயர் எப்போ மாத்தினீங்க என்று ஒருத்தர் தனியாகக் கேட்டிருந்தார். போன வருஷம் 185/65 அளவு டயர் இருந்த இடத்தில் 205/65 போட்டேன் (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது). சக்கரம் 2.6 செ.மீ. உயர்ந்துவிட்டது, சுமார் 4 சதவீதம். ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றை எண்ணித்தான் சொல்கிறது. முள் 90இல் நின்றால் முன்னைவிட 4 கிலோமீட்டர் கூடுதலாகவே ஓடியிருப்பேன். ரேடாருக்கு என் டயரோடு சம்பந்தமே இல்லை.

ஆயிரத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் ஒன்று: மோட்டார் வாகன விதி 167ஏ, கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரியும்படி வைக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் பலகை இருக்கிறது, வேப்பங்கிளைக்குப் பின்னால். போட்டோ எடுத்து மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நேரிலேயே கொடுக்கப் போகிறேன்.