எக்நாக் திரிந்துவிட்டது, எங்கே தப்பு?

கேள்வி:
கிறிஸ்துமஸுக்கு முன்னோட்டமாக எக்நாக் (முட்டை, பால், கிரீம் சேர்த்த இனிப்புப் பானம்) செய்தேன். 6 மஞ்சள் கரு, அரை கப் சர்க்கரை, 2 கப் பால், 1 கப் கிரீம். தளதளவென்று கொதித்த பாலை அப்படியே முட்டையில் கவிழ்த்தேன். வந்தது இனிப்பு ஆம்லெட்! மாமியார் வேறு பக்கத்திலேயே நின்றிருந்தார். பச்சை முட்டையாகக் கொடுக்கவும் பயம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்:
கொதிக்கவே விடாதீர்கள், ஆவி வந்தால் போதும். முட்டையை அடித்துக்கொண்டே பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் சிறு தீயில் கிளறி, 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். பிள்ளைகளுக்கும் பயமின்றிக் கொடுக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? கரண்டியின் பின்புறம் படிந்ததில் விரலால் கோடு இழுங்கள், கோடு கலையாமல் நிற்க வேண்டும். ஆனால் தெர்மாமீட்டர்தான் நம்பகம். கிரீம் கடைசியில்.

இன்னொரு பதில்:
ஜாதிக்காயைப் பரிமாறும்போது துருவுங்கள். பழைய பொடியில் மணமே இருக்காது. மீந்தால் பிரெட் ஊறவைத்து புட்டிங்காகச் சுடலாம், கூடுதல் சர்க்கரை வேண்டாம்.

கேட்டவர்:
சரி, நாளைக்கு மறுபடி. மாமியார் தூங்கிய பிறகு.