மட்டக்களப்பில் மார்க்கெட்டிங் வேலை: உண்மையில் எந்தத் திறமை கைகொடுக்கிறது?

செங்கலடிப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்தேன், சந்தைப்படுத்தல் சிறப்புப் பாடம். முடித்து எட்டு மாதமாகிறது. இதுவரை நான்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டேன். அதில் மூன்றில் பெயர்தான் 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்'. போய் உட்கார்ந்த பிறகுதான் லீசிங்குக்கு, அதாவது தவணைக்கு வாகனம் எடுக்க, ஆள் பிடிக்கிற வேலை என்று விளங்கியது. முதல் கேள்வியே மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதா என்பதுதான்.

நான்காவது இடத்தில்தான் மனம் விட்டுப்போயிற்று. அது பால், தயிர் விற்கிற ஒரு நிறுவனம். '4பி என்றால் என்ன?' என்று கேட்டார்கள். பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு அந்த ஐயா மேசையில் இருந்த தயிர்ச்சட்டியை என் பக்கம் தள்ளி, 'சரி மகள், இதை நாளைக்குக் காலையில் யாருக்கு விற்பீர்கள்?' என்றார். 'எல்லோருக்கும்' என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

வீட்டில் ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்தத் துறைதான் விருப்பம். ஆனால் நான் கலகலவென்று கதைக்கிற ஆள் இல்லை. புது ஆக்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவள் மார்க்கெட்டிங்கில் நிலைக்க முடியுமா? முதலில் எதைப் பழக வேண்டும்? மேலே இன்னொரு கோர்ஸ் செய்யட்டுமா, சிங்களம் படிக்கட்டுமா? இந்த வேலையில் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம் எழுதியது:

சிங்களம் படியுங்கள் தங்கச்சி, அதில் இரண்டாவது யோசனை வேண்டாம். கல்முனையில் தமிழில் விற்கிற அதே சாமானை அம்பாறை டவுனில் சிங்களத்தில்தான் விற்க வேண்டும். தலைமை அலுவலகம் பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கும். கூட்டத்தில் உங்கள் யோசனையை நீங்களே சொல்ல முடியாவிட்டால் வேறொருவர் சொல்லிப் பேர் வாங்கிவிடுவார். மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டி லைசன்ஸும் எடுத்து வையுங்கள். லீசிங் வேலையென்றால் மட்டமில்லை, ஆனால் அது விற்பனை. எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஏ4 ரூட் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தயிர்ச்சட்டிக் கதையை வாசித்துவிட்டு வேலையை ஒதுக்கி வைத்து இதை எழுதுகிறேன். நான் களுவாஞ்சிகுடி. 2010இல் ஒரு பிஸ்கட் கொம்பனிக்கு ரெப்பாக, கடை கடையாகப் போய் ஓடர் எடுக்கிற விற்பனைப் பிரதிநிதியாக, சேர்ந்தேன். ஏ4 வீதியில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை என் ரூட். பிறகு ஏரியா, பிறகு மாவட்டம் என்று ஏறி, இப்போது கிழக்கு மாகாணத்துக்கான மார்க்கெட்டிங்கைப் பார்க்கிறேன். ஆள் எடுக்கிற மேசையின் மற்றப் பக்கத்திலும் இருக்கிறேன். அதனால் சொல்கிறேன், உங்களுக்கு வாய் பத்தாது என்பது பிரச்சினையே இல்லை.

என்னைப் பழக்கியவர் ஒரு மூத்த ரெப். நாளுக்கு நூறு சொல்லுக்கு மேல் கதைக்க மாட்டார். கடைக்குள் போனதும் ஓடர் கொப்பியைத் திறக்க மாட்டார். முதலில் தட்டுக்குப் போவார், எங்கள் பெட்டிகளில் உள்ள தூசியைத் துணியால் துடைப்பார், பழையதை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னுக்கு வைப்பார். பிறகு முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி: 'போன கிழமை எது முதல்ல முடிஞ்சுது?' கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். முதலாளிதான் கதைக்கத் தொடங்குவார். எது போகிறது, எது போகவில்லை, பக்கத்துக் கடையில் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், எந்தக் கொம்பனி ரெப் ஒரு மாதமாக வரவில்லை, எல்லாம் வரும். நானோ அப்போது ஒரு கடையில் பத்து நிமிடம் விடாமல் கதைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவேன். ஒரு நாள் வானில் ஏறியதும் சொன்னார்: 'தம்பி, நீ கதைக்கிற நேரத்தில அந்த ஆள் என்ன சொல்ல வந்தாரெண்டு கேட்டியா?' அன்றைக்கு ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன். கடைக்காரரும் வாங்க வந்தவர்களும் சொன்னதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவேன். இன்றுவரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்தக் கொப்பி எனக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். ஒரு வருடம் நவம்பரில் பெரிய பிஸ்கட் டின்னுக்குப் பரிசுத் திட்டம் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் தொடக்கம். சம்மாந்துறை, இறக்காமம், மத்தியமுகாம் பக்கம் நவம்பரென்றால் என்ன? பெரும்போகம் விதைத்துக் கையிருப்பெல்லாம் வயலுக்குள் போயிருக்கும், மேலே மழை. கடையில் மாவும் சீனியுமே கடனுக்குத்தான் போகும். என் கொப்பியில் அதுதான் திரும்பத் திரும்ப இருந்தது: 'வெள்ளாமை வெட்டட்டும் தம்பி, பிறகு பார்ப்பம்.' பெப்ரவரி, மார்ச்சில் நெல் விற்ற பிறகுதான் அங்கே காசு புழங்கும். அந்தப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து, பழைய இரண்டு வருட விற்பனையை மாதவாரியாக ஒரு எக்செல் தாளில் போட்டு, எங்கள் பகுதிக்கு மட்டும் பெப்ரவரிக்கு மாற்றித் தாருங்கள் என்று மேலே அனுப்பினேன். மாற்றினார்கள், டின் போனது. என்னை ரெப் வேலையிலிருந்து மேலே எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரு தாள்தான். எக்செல் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ரூட் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள்.

கரையோரத்துக்கு வேறு நாட்காட்டி. நோன்பு மாதத்தில் பின்னேரம் சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடைகளில் போய் ஓடர் கேட்கக் கூடாது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன் அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. காலையில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தையும் மனதில் வைக்க வேண்டும். இதெல்லாம் மரியாதை. அந்த மரியாதைக்குப் பிறகுதான் வியாபாரம்.

இன்னொன்று, இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன்: தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு வேலை செய்த ஒரு கொம்பனியில் சலவைத்தூள் சுவரொட்டி வந்தது. மூன்று மொழியில் அழகாக அடித்திருந்தார்கள். தமிழில் 'பிடிவாதமான கரைகளை அகற்றும்' என்று இருந்தது. துணியில் படிவது கறை. கரை என்பது வாவிக்கரை, கடற்கரை. திருக்கோவிலில் ஒரு கடைக்கார ஐயா அதை ஒட்டவே விடவில்லை. 'எங்கட பாசையில ஒரு ஆளிட்டக் காட்டிக் கேக்க உங்களுக்கு மனமில்லையா?' என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு முகம் தூக்க முடியவில்லை. கட்டுக்கட்டாக அடித்ததை அப்படியே திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து எங்கள் பகுதிக்கு வருகிற ஒவ்வொரு தமிழ் வரியும் அச்சுக்குப் போக முன் என் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ற, ர தெரிவது மட்டும் போதாது. நம்மூர் ஆள் வாயால் சொல்லக்கூடிய வசனமாக இருக்க வேண்டும். எழுதியதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் அவர் 'என்னது?' என்கிறாரோ அந்த இடம் பிழை.

நம்பிக்கை பற்றியும் ஒன்று. அக்கரைப்பற்றில் ஒரு மொத்தக் கடை எங்களோடு வியாபாரத்தையே நிறுத்தியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் திகதி முடிந்த சாமானை எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று சொல்லியே போய்விட்டார். நான் மூன்று கிழமை ஓடரே கேட்கவில்லை. முதற்கிழமை எண்ணி எழுதினேன், இரண்டாம் கிழமை ஏற்றினேன், மூன்றாம் கிழமை அந்தச் சாமானின் பெறுமதியைக் கணக்கில் கழிக்கிற சீட்டைக் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்றார். ஓடர் நான்காம் கிழமைதான் வந்தது.

அப்புறம் கூச்சம். நான் கேட்கச் சொல்கிற அந்த ஒரு கேள்விக்குக் கூச்சம் தடையில்லை. நாளைக்கே செங்கலடிச் சந்தியில் தயிர் விற்கிற ஒரு கடையைப் பாருங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் ஓரமாக நில்லுங்கள். வாங்குகிறவர்கள் சொல்வதை எழுதுங்கள். வாங்காமல் போகிறவர்கள் சொல்வதைக் கூடுதலாக எழுதுங்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

நான் மருதமுனை. வீட்டிலிருந்தே மூன்று கைத்தறிக் குடும்பங்களுக்கு பேஸ்புக், வட்ஸ்அப் வியாபாரம் பார்க்கிறேன். மேலே ஏ4 அண்ணன் எழுதியது இணையத்துக்கும் அப்படியே பொருந்தும் தங்கச்சி.

கணக்குப் பார்க்கப் பழகுங்கள். லைக் கணக்கு இல்லை, காசுக் கணக்கு. ஒரு உதாரணம்: சாரத்துக்கு 5,000 ரூபாவுக்கு விளம்பரம் போடுகிறீர்கள். 40 பேர் இன்பொக்ஸில் கேட்கிறார்கள். 4 பேர் வாங்குகிறார்கள். ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 1,250. ஒரு சாரத்தில் கிடைக்கிற லாபம் 500 என்றால் விற்க விற்க நட்டம். அதே 40 பேரில் 12 பேர் வாங்கினால் செலவு கிட்டத்தட்ட 417. அப்போது கையில் ஏதோ மிஞ்சும். விளம்பரக் காசு இரண்டு தடவையும் ஒன்றுதான். வித்தியாசம், கேட்ட ஆளுக்கு நீங்கள் எவ்வளவு கெதியாக, எவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னீர்கள் என்பதில்.

என் ஆரம்பப் பதிவுகளில் 'பாரம்பரியம்', 'கலைவண்ணம்' என்றெல்லாம் எழுதினேன். இன்பொக்ஸில் வந்ததோ 'விலை என்ன?', 'சாயம் போகுமா?', 'நீளம் எத்தனை முழம்?' என்ற மூன்று கேள்விதான். பிறகு புதுச் சாரம் ஒன்றை வெள்ளைத் துணியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டு, பிழிந்து, இரண்டையும் கொடியில் காயப்போட்டதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. விலையையும் நீளத்தையும் மேலேயே எழுதினேன். அதற்குப் பிறகு இன்பொக்ஸில் கேள்வி குறைந்தது, விலாசம் வரத் தொடங்கியது. ஆனால் ஒன்று: ஒரு தறிவீட்டின் சிவப்பு நூல் சாயம் விட்டது. அதை வீடியோ எடுக்கவில்லை. நூலை மாற்றும்வரை அந்த நிறத்தை விற்கவும் இல்லை. பொருளில் குறை இருந்தால் அதை உரிமையாளரிடம் போய்ச் சொல்கிற துணிவும் இந்த வேலைக்கு வேண்டும். எனக்கு அது பழக இரண்டு வருடம் எடுத்தது.

வர்த்தகப் பிரிவு ஆசிரியர் எழுதியது:

மகள், 4பியைச் சொன்னதில் பிழையில்லை. 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் பாடநூலில் வகுத்தது. பிறகு பிலிப் கொட்லரின் நூல்கள் வழியாக உலகெங்கும் பரவியது. மனப்பாடம் செய்யத் தந்ததல்ல, கேள்வி கேட்கத் தந்தது. சட்டியைப் பார்த்துக் கேளுங்கள்: குளிர்சாதனப் பெட்டி இல்லாத கடையில் இது எத்தனை நாள் புளிக்காமல் இருக்கும்? இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர் உடையாமல் கொண்டுபோக என்ன கட்டித் தருவோம்? இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு எந்த அளவுச் சட்டி? அந்தக் கேள்விகளுக்குள் 'யாருக்கு' என்பதும் வந்துவிடும்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம், ஸ்லிம் என்பார்கள், 1970இல் தொடங்கியது. இங்கிலாந்தின் பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவகம், சி.ஐ.எம். என்பார்கள், அதன் படிப்பையும் இலங்கையில் படிக்கலாம். இரண்டும் நல்லவை. ஆனால் உங்களிடம் பட்டம் இருக்கிறது. முதலில் ஒரு வருடம் வேலை செய்யுங்கள். எது தெரியவில்லை என்று தெரிந்த பிறகு படித்தால் கட்டிய காசு வீணாகாது.

செங்கலடிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏ4 அண்ணா சொன்னபடி நேற்று சனிக்கிழமை காலையில் போய் நின்றேன். கடைக்கார அம்மாவிடம் கேட்கும்போது கை நடுங்கியது. 'நில்லு புள்ள, வெயிலுக்குள்ள நிக்காத' என்று உள்ளே ஸ்டூல் போட்டுத் தந்தா. ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தேன். என் கொப்பியில் உள்ளது இது:

'இண்டைக்குப் போட்டதா, நேத்தையா?' (ஆறு பேர்.) 'சின்னச் சட்டி இல்லையா?' (நான்கு பேர். இருவர் வாங்காமல் போனார்கள்.) 'பிள்ளைக்குத் தடிமன், வேணாம்.' 'சட்டியைத் திருப்பித் தந்தா காசு குறைப்பீங்களா?' (மூன்று பேர்.) ஒரு அண்ணன் ஐந்து சட்டி கேட்டார், வீட்டில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் சாப்பாடு கொடுக்கிறார்களாம். வாழைப்பழமும் இங்கேயே இருந்தால் நல்லது என்றார்.

'எல்லோருக்கும்' என்று சொன்னதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு அந்த நிறுவனத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். யாருக்கு விற்பேன் என்பதற்கு மூன்று பதில் போட்டேன். அனுப்பட்டுமா?

ஏ4 ரூட் எழுதியது:

அனுப்புங்கள். கொப்பிப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், திருத்தி எழுத வேண்டாம். சின்னச் சட்டி இல்லாமல் திரும்பிப் போன இரண்டு பேரை மேலே போடுங்கள். அவர்கள்தான் அந்த ஐயாவுக்குத் தெரியாத ஆக்கள். அந்த அம்மாவிடம் வேலை நாளிலும் ஒரு தடவை போய் நில்லுங்கள், சனிக்கிழமைக் கூட்டம் வேறு. போகும்போது அவவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.