1941 பினாங்கு குண்டுவீச்சுல செத்த குடும்பம், பேரு எங்கயாவது பதிவாகி இருக்குமா?

பிறை_பையன்:
வணக்கம். எங்க தாத்தா குடும்பத்துல அவரு ஒருத்தர்தான் தப்பிச்சவரு. அவரோட அப்பாவுக்கு வெல்ட் கீங்கற துறைமுகக் கரையில, தொங்காங்ங்கற சரக்குப் படகுல மூட்டை இறக்குற வேலை, பக்கத்துலயே ஒரு அறை எடுத்து அம்மா, ரெண்டு தங்கச்சி, கைக்குழந்தை எல்லாரும் இருந்திருக்காங்க. தாத்தா மட்டும் ஆயர் ஈத்தாம்ல மாமா வீட்ல. மறுநாள் மாமா கூட நடந்தே வந்து பார்த்தா ரோட்டோரமா பொணமா கெடக்கு, முகம் தெரியல, கையில பச்சை குத்தி இருந்ததை வெச்சுதான் இதுதான் அம்மான்னு மாமா சொன்னாராம். அதுக்கப்புறம் எங்க புதைச்சாங்கன்னே தெரியாது. டிசம்பர் மாசம், வியாழக்கிழமைன்னு மட்டும் சொல்வாரு. தங்கச்சிங்க பேரு அவருக்கே ஞாபகம் இல்ல, பெரிய பாப்பா சின்ன பாப்பான்னே சொல்லுவாரு. தாத்தாவும் இப்ப இல்ல. திதி குடுக்கணும்னு அப்பா ஆசைப்படுறாரு, தேதி, பேரு எப்படி கண்டுபிடிக்கிறது?

தஞ்சோங்_அண்ணன்:
தம்பி, வியாழக்கிழமைன்னா அது 11 டிசம்பர் 1941-தான், பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுன் மேல ஜப்பான்காரன் போட்ட முதல் பெரிய குண்டுவீச்சு அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளா எதிர்க்கரை பட்டர்வொர்த் ஏர்ஃபீல்ட்ல குண்டு போட்டதை ஜனங்க இக்கரையில நின்னே வேடிக்கை பார்த்திருக்காங்க, அதனால அன்னிக்கும் பிளேன் சத்தம் கேட்டதும் நம்ம பிரிட்டிஷ் பிளேன்தான்னு நெனச்சு பிள்ளைங்களை தூக்கிட்டு தெருவுக்கு வந்துட்டாங்க. ஊர்ல பிளேனை சுடுற பீரங்கி ஒண்ணு கூட கெடையாது. குண்டும் போட்டான், தாழப் பறந்து மெஷின் கன்னாலயும் சுட்டான். பீச் ஸ்ட்ரீட், சூலியா தெரு பக்கம் எல்லாம் எரிஞ்சுது, ஃபயர் ஸ்டேஷன்லயே குண்டு விழுந்துது, அப்ப யாரு வந்து அணைக்கிறது? அடுத்தடுத்த நாளும் போட்டான், ஊரே மலைப்பக்கம் ஓடிடுச்சு, பொணம் எடுக்க ஆள் இல்லாம நாள்கணக்கா கெடந்துது. செத்தவங்க கணக்கே ஒவ்வொருத்தரு ஒண்ணு சொல்றாங்க, பேரு எழுதி வெச்சிருப்பாங்கன்னு ரொம்ப நம்பாதீங்க.

சுங்கைபட்டாணி_அக்கா:
நம்பிக்கைய விடாதீங்க தம்பி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல போர்ல செத்த பொதுமக்களுக்குன்னு தனி லிஸ்ட் இருக்கு, தாத்தாவோட அப்பா பேரை வேற வேற ஸ்பெல்லிங்ல போட்டுப் பாருங்க, நம்ம பேரை வெள்ளைக்காரன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பான். மலேசியாவோட தேசிய ஆவணக் காப்பகம், ஆர்கிப் நெகாராலயும் கேளுங்க. அதைவிட முக்கியம் அந்த மாமா வழி சொந்தம், அங்க வயசான அத்தை பாட்டி யாராவது இருந்தா உடனே போய் பேசுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பிள்ளைங்க பேரு கவர்மென்ட் பேப்பர்ல இருக்காது, வீட்டுப் பொம்பளைங்க வாய்லதான் இருக்கும்.

மக்மண்டின்காரன்:
எனக்கு இன்னமும் ஆறாத கோவம் என்னன்னா, அந்த வாரமே வெள்ளைக்காரங்க ராத்திரியோட ராத்திரியா அவங்க ஆளுங்களை மட்டும் கப்பல் ஏத்திட்டு போயிட்டாங்க, நம்மளயும் சீனங்களையும் மலாய்க்காரங்களையும் அம்போன்னு விட்டுட்டு. கார்ன்வாலிஸ் கோட்டையில பிரிட்டிஷ் கொடியை இறக்குனது யாரு? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். ஊர்ல படை இல்ல, குண்டு போடாதீங்கன்னு ரேடியோல சொல்ல வேண்டியதாச்சு. 19-ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ள வந்துட்டான்.

தஞ்சோங்_அண்ணன்:
அது சரிதான், ஆனா பிள்ளைங்க மேல குண்டு போட்டவன் ஜப்பான்காரன், அதை மறந்துட்டு வெள்ளைக்காரனை மட்டும் திட்டக்கூடாது. தம்பி, திதிக்கு வருவோம். அந்தத் தேதி கார்த்திகை தேய்பிறைல வருது, அய்யர்கிட்ட சொன்னா பழைய பஞ்சாங்கம் பார்த்து சொல்லிடுவாரு. இல்லன்னா மகாளய அமாவாசைல குடுக்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு தனியா திதி குடுக்குற வழக்கம் பல வீட்ல கெடையாது, அதனால கோயில்ல எல்லாருக்கும் சேர்த்து மோட்ச தீபம் போடுங்க.

பிறை_பையன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. மாமா வழியில ஒரு பாட்டி கூலிம்ல இருக்காங்களாம், அப்பாவ கூட்டிட்டு சனிக்கிழமை போறேன். டிசம்பர் 11-க்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல தீபம் போட முடியுமான்னு கேக்கப் போறேன். உங்க குடும்பத்துலயும் அந்த வாரம் யாராவது போயிருந்தா பேரை இங்க போடுங்க, பேரு தெரியலன்னா முறை மட்டும் போட்டாலும் போதும், அய்யரை எல்லாத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்றேன்.