ரெட்கிரேவ்தான் பெஸ்ட்னா லிபாவ எங்க வைக்கிறது?

துடுப்பன்: படகோட்டத்துல ஆல் டைம் பெஸ்ட் யாருன்னா உடனே பிரிட்டன்காரர் ஸ்டீவ் ரெட்கிரேவ்ங்கறாங்க. 1984ல இருந்து 2000 வரை அஞ்சு ஒலிம்பிக், அஞ்சு தங்கம், ஒத்துக்கறேன். ருமேனியாக்காரங்க எலிசபெத்தா லிபாவுக்கும் அஞ்சு தங்கம்தான், கூடவே ரெண்டு வெள்ளி ஒரு வெண்கலம். அவங்க பேர ஏன் யாரும் எடுக்கறதே இல்ல? நாம படிக்கறதெல்லாம் இங்கிலீஷ் பத்திரிகை, அதான்.

ஸ்ட்ரோக்ரேட்: அதெல்லாம் இல்ல ப்ரோ. ரெட்கிரேவ் விடாம அஞ்சு தடவ அடிச்சாரு, லிபாவுக்கு 88ல தங்கம் இல்ல. உலக சாம்பியன்ஷிப்லயும் அவருக்கு 9 தங்கம். அதுவும் 84ல பெண்களுக்கு ரேஸ் 1000 மீட்டர்தான், ஆண்கள் ஓட்டுனதுல பாதி.

துடுப்பன்: தூரத்த அவங்களா முடிவு பண்ணாங்க?? 2000 ஆக்கினப்புறம்தான் 92ல சிங்கிள் ஸ்கல்ஸ்ல தனியா ஓட்டி ஜெயிச்சாங்க.

கரையோரம்: 84 தங்கத்த ரெண்டு பேருக்குமே கழிச்சுடுங்கப்பா, சோவியத்தும் கிழக்கு ஜெர்மனியும் அந்த வருஷம் வரவே இல்ல 😄

ஸ்ட்ரோக்ரேட்: கழிச்சாலும் பரவால்ல. 96, 2000, 2004 மூணுமே லிபாவுக்கு எய்ட்ல வந்த தங்கம், எட்டு பேர்ல ஒருத்தர். ரெட்கிரேவ் 88, 92, 96ல ரெண்டு பேர் படகு, ஒளிஞ்சுக்க இடமே கிடையாது.

துடுப்பன்: எய்ட்ல ஒளியறதா? முன்னாடி இருக்கறவங்க முதுகுதான் தெரியும், அவங்க அசையற அதே நொடில நம்ம துடுப்பும் தண்ணில எறங்கணும், கொஞ்சம் பிசகினா பிளேடு தண்ணில மாட்டி கைப்பிடி வந்து வயித்துல இடிக்கும், மொத்த படகும் ஆடிப்போகும். அப்புறம் ஸ்கல்ஸ்னா ரெண்டு கைலயும் துடுப்பு, எய்ட்னா ஆளுக்கு ஒண்ணுதான், உடம்ப ஒரு பக்கமா திருப்பி இழுக்கணும், பழக்கமே வேற. லிபா ரெண்டுலயும் தங்கம். ரெட்கிரேவோட அஞ்சும் ஒத்தத் துடுப்பு.

ஸ்ட்ரோக்ரேட்: சரி, அது பாயிண்ட்தான். ஆனா 96ல அட்லாண்டாவுல ஜெயிச்சு முடிச்சதும் இனிமே என்னை படகு பக்கம் பாத்தா சுட்டுடுங்கன்னு சொன்ன மனுஷன், அடுத்த வருஷமே சுகர்னு தெரிஞ்சும் இன்சுலின் போட்டுக்கிட்டே பயிற்சி எடுத்து 38 வயசுல 2000 சிட்னி ஒலிம்பிக் வந்தாரு. கடைசில இத்தாலி படகு நெருங்கி வந்துடுச்சு, வெறும் 0.38 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அந்த கிறுக்கு யாருக்கு வரும்?

துடுப்பன்: 38ஆ? 2004 ஏதென்ஸ்ல தங்கம் எடுத்தப்ப லிபாவுக்கு 39.

ஸ்ட்ரோக்ரேட்: 🙄 அந்த எய்ட் ரேஸ் வீடியோ இருந்தா போடுங்க, பாத்துட்டு வந்து சண்டைய கண்டினியூ பண்றேன்.