புதுப்பிப்பு: சுரங்கத்தின் அமில நீர் வடிகாலில் இறங்கியது

திரும்புகுழாயின் (பயன்படுத்திய நீரைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) இணைப்பு விட்டு, அமிலம் கலந்த செயல்முறை நீர் மழைநீர் வடிகாலில் பாய்ந்தது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பம்பை நிறுத்தியும் ஒழுக்கு நிற்கவில்லை. மேட்டுக் குழாயில் இருந்த நீர் தானாக வடிந்துகொண்டிருந்தது. உடைப்புக்கு மேலுள்ள வால்வை மூடச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. பிறகு வடிகாலின் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் வழி) வாயை மணல் மூட்டையால் அடைத்து, தேங்கியதை டேங்கரில் உறிஞ்சினோம்.

மீதி நீரின் அமிலத்தைச் சமன்செய்யச் சுண்ணாம்பைக் கரைசலாகவே விடுங்கள். பொடியாகக் கொட்டினால் மேலே ஓடு கட்டி, உள்ளே இருப்பது கரையாமல் பாதி வீண்.

எதிர்பாராதது: பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) நடுநிலையான 7-ஐத் தொட்டு, மறுநாள் மறுபடி இறங்கியது. கரைந்த இரும்பு காற்றுபட்டு திடமாகப் பிரிந்து வீழ்படியும்போது அமிலம் விடுகிறது. காற்றூட்டிக்கொண்டே மீண்டும் சுண்ணாம்பு சேர்த்ததும் நிலைத்தது. நீரில் கரைந்திருந்த மாங்கனீசு மட்டும் வீழ்படியவில்லை. அதற்குப் பிஎச் 9-க்கு மேல் வேண்டும்; அந்த நீரை ஆலைக்கே திருப்பினோம்.

கரைந்த உலோகம் பார்க்கும் மாதிரியை 0.45 மைக்ரானில் வடிகட்டிய பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்கவும். வடிகட்டும் முன்பே அமிலம் சேர்த்தால் வண்டலில் உள்ளதும் கரைந்து அளவு ஏறிவிடும்.