ட்ரினிடாட் டபுள்ஸ்: பாரா மெத்தென்று வரவில்லை, உதவுங்கள்

ஜனவரியில் ட்ரினிடாடில் சான் பெர்னாண்டோவிலுள்ள சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். தினமும் காலையில் தெருமுனை டபுள்ஸ்தான்: இரண்டு பாரா (எண்ணெயில் பொரித்த மெத்தென்ற மைதா ரொட்டி), கொண்டைக்கடலை கறி, புளிச் சட்னி. (பெப்பர் சாஸ் 'கொஞ்சம்' என்றாலே கண்ணில் தண்ணீர்.)

சென்னை வந்து மூன்று வாரமாக முயல்கிறேன். கறி பரவாயில்லை. பாரா மட்டும் பூரிபோல உப்பி, ஆறியதும் அப்பளமாய் விறைக்கிறது. மைதா 2 கப், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், மஞ்சள், சீரகப்பொடி, உப்பு. ஈஸ்ட்டை மாற்றினேன், 2 மணி நேரம் ஊறவிட்டேன். தீயைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கிறது. சித்தியோ, "நாங்க எங்கடா வீட்ல செய்றோம்!" என்கிறார்.

அங்கே எண்ணெய்க் கையால் தட்டினார்கள். நான் சப்பாத்தி பதத்தில் பிசைந்து கட்டையால் தேய்க்கிறேன். 2 கப் மைதாவுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?